யார் பார்த்தது? புனைகதையில் வடிகட்டிச் சொற்கள்

'வாசல் கதவு திறந்தது' என்று ஒரு வாக்கியம். 'வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது' என்று இன்னொன்று. நடந்தது ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தைப் படிக்கிறவர் கதவுக்கு எதிரே நிற்கிறார். இரண்டாவதைப் படிக்கிறவர் வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறார், அடுப்படியிலோ பின்கட்டிலோ. வந்தது யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. மூன்றாவதாக ஒன்றும் எழுதலாம்: 'வாசல் கதவு திறக்கும் சத்தத்தை அவள் கேட்டாள்.' இதில் வாசகர் கதவையும் பார்ப்பதில்லை, சத்தத்தையும் கேட்பதில்லை. ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பதை எட்ட நின்று பார்க்கிறார்.

இந்த மூன்றாவது வகையில் வரும் 'கேட்டாள்' போன்றவற்றைத்தான் புனைகதைப் பயிற்சி நூல்கள் வடிகட்டிச் சொற்கள் என்கின்றன. பார்த்தாள், கவனித்தாள், உணர்ந்தாள், அறிந்தாள், புரிந்துகொண்டாள், நினைத்தாள் எல்லாம் இந்தக் குடும்பம். கதைக்குள் நடப்பதற்கும் வாசகருக்கும் நடுவே ஒரு பாத்திரத்தின் புலனையோ மனத்தையோ நிறுத்தி, அதன் வழியாக எல்லாவற்றையும் சொட்டுச் சொட்டாக இறக்குபவை.

இதை ஒரு குறையாக அடையாளம் காட்டிப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர். சிக்கோ நகரக் கல்லூரியில் ரேமண்ட் கார்வருக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்த ஆசிரியர் அவர். 1982இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு வெளிவந்த 'புனைகதைக் கலை' என்ற நூலில் இந்தக் குறையைப் பேசுகிறார். கதை என்பது வாசகர் மனத்தில் அறுபடாமல் ஓட வேண்டிய கனவு என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பாத்திரம் எதையோ கவனித்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லும்போது கனவு சற்றே கலைகிறது. வாசகர் பார்த்துக்கொண்டிருந்த பொருளை விட்டு, அதைப் பார்ப்பவரைப் பார்க்கத் திரும்புகிறார். ஜேனட் பரோவேயின் பாடநூல் வழியாக இந்தக் கருத்து அமெரிக்க எழுத்துப் பட்டறைகளுக்குள் நுழைந்து நிலைபெற்றது. 2013இல் சக் பாலனிக் இன்னும் ஒரு படி மேலே போய், நினைத்தாள், அறிந்தாள், விரும்பினாள் போன்ற வினைகளை அரை வருடத்துக்குத் தொடவே கூடாது என்று இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு விரதம் விதித்தார்.

விரதம் பயிற்சிக்கு நல்லது. அதையே சட்டமாக்கும்போது சிக்கல் வருகிறது. கார்ட்னர் குறை சொன்னது தேவையற்ற வடிகட்டலை. அவர் வைத்த 'தேவையற்ற' என்ற அடைமொழி போகப்போகக் கழன்றுவிட்டது. மிஞ்சியது ஒரு தடைப்பட்டியல். இன்று அந்தப் பட்டியலை விழுங்கிய மென்பொருள்கள் கைப்பிரதியில் 'பார்த்தாள்' வரும் இடமெல்லாம் கோடு போடுகின்றன.

வடிகட்டிச் சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. குஸ்தாவ் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' 1856இன் கடைசி மாதங்களில் 'ரெவ்யு த பாரி' இதழில் தொடராக வந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில், பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஊறு விளைவித்ததாக ஆசிரியர் மேல் வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடியவர் எர்னஸ்ட் பினார். அவர் எடுத்துக் காட்டிய இடங்களில் ஒன்று, ரோதோல்ஃப் என்பவனோடு முதல் உறவுக்குப் பிறகு நாயகி எம்மா வீடு திரும்பிக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் இடம். தன் முகத்தைக் கண்டு அவளுக்கே வியப்பு. தனக்கு ஒரு காதலன் கிடைத்துவிட்டான் என்று திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். இதுவரை 'அவள் வியந்தாள்', 'அவள் சொல்லிக்கொண்டாள்' என்ற சட்டகம் இருக்கிறது. அடுத்து வரும் வாக்கியங்களில் அது இல்லை. இதுநாள் வரை எட்டாமலிருந்த இன்பம் இனித் தனக்கு உண்டு என்ற மனக்களிப்பு, யாருடைய நினைப்பு என்று குறிக்கப்படாமல் படர்க்கையில் அப்படியே விரிகிறது. பினாருக்கு அது பிறன்மனை உறவைப் போற்றிப் பாடும் பகுதி.

அரசு வழக்கறிஞர் எங்கே சறுக்கினார் என்பதை ஜெர்மானிய விமர்சகர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1960களின் இறுதியில் விளக்கினார். எம்மாவின் மனம் பேசிய வாக்கியங்களைக் கதைசொல்லியின் தீர்ப்பாகப் பினார் எடுத்துக்கொண்டார். 'என்று எம்மா நினைத்தாள்' என்ற வேலி இல்லாததால் யாருடைய குரல் என்று பிரிக்க முடியவில்லை. 1857 பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேர் விடுதலையானார். இந்த நடைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. ஜேன் ஆஸ்டின் அதற்கு முன்பே இதைக் கையாண்டிருந்தாலும், ஷார்ல் பாலி என்ற ஜெனீவா மொழியியலாளர்தான் 1912இல் இதற்குச் 'சுதந்திர மறைமுகக் கூற்று' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1972இல் ழெரார் ழெனெத், யார் பார்க்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று பிரித்துக் காட்டினார். பினார் குழம்பியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. சங்க அகப்பாடல்களில் கதைசொல்லியே கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என எல்லாமே யாரோ ஒருவரின் வாய்மொழி. 'என்று தலைவி வருந்தினாள்' என்று பாடலுக்குள் ஓர் அடியும் வராது. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்ற தகவலைப் பாடலுக்கு வெளியே இருக்கும் துறைக்குறிப்பு தருகிறது. அந்தக் குறிப்பும் பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே பொதுவான கருத்து. சட்டகம் வெளியே, அனுபவம் உள்ளே. உரைநடைக் கதைக்குத் துறைக்குறிப்பு இல்லை என்பதால், யாருடைய கண் என்பதை வாசகருக்குக் கதைக்குள்ளேயே எப்படியாவது காட்டியாக வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இந்தப் பாடத்தைத் தமிழ்க் கைப்பிரதியில் அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. நம் வாக்கியத்தில் வடிகட்டிச் சொல் உட்காரும் இடம் வேறு. ஆங்கிலத்தில் 'அவள் பார்த்தாள்' முதலில் வந்துவிடும். பார்க்கப்பட்ட பொருள் அதன் பின்னால் வரும். வாசகர் வாசலிலேயே ஒருமுறை தடுக்கப்பட்டு உள்ளே போகிறார். தமிழில் நேர்மாறு. 'தெருமுனையில் கூட்டம் சேர்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.' கூட்டத்தை நேரில் பார்த்து முடித்த பிறகு, 'பார்த்தாள்' என்ற வினை வந்து வாசகரைப் பின்னுக்கு இழுக்கிறது. 'என்று நினைத்தாள்' இதைவிட மோசம். ஒரு நினைப்பை முழுசாக வாழ்ந்துவிட்ட பிறகுதான் அது நினைப்பு என்ற அறிவிப்பு வருகிறது. வர்ஜீனியா வுல்ஃப் 'மிஸஸ் டாலோவே'யில் 'என்று கிளாரிசா நினைத்தாள்' என்பதற்கு ஈடான சொற்களை நினைப்பின் நடுவிலேயே செருகிக்கொண்டு போவார். அது ஒரு மூச்சு வாங்கலாகக் கேட்கும். தமிழில் 'என்று' அதற்கு இடம் கொடுப்பதில்லை. அது முடிந்த ஒன்றைக் கட்டி மூடும் சொல்.

இதனால் நேரும் இழப்பு வெறும் தூரம் மட்டுமல்ல. தமிழ் வாக்கியத்தின் கனம் கடைசி வினையில் இருக்கிறது. நல்ல உரைநடைக்காரர்கள் அந்த இடத்துக்காகவே வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள். அந்த முதன்மையான இடத்தை 'உணர்ந்தாள்', 'கண்டாள்', 'அறிந்தாள்' என்ற மூன்று நான்கு சோனி வினைகளே மாறி மாறிப் பிடித்துக்கொள்கின்றன. கூட்டம் சேர்ந்ததும், பால் பொங்கியதும், பிள்ளை விழுந்ததும் 'இருப்பதை', 'பொங்குவதை', 'விழுந்ததை' என்று பெயர்ச்சொல்லாகிச் செத்துவிடுகின்றன.

தமிழில் திருத்துகிறவர் தேட வேண்டிய அடையாளமும் இதுதான். 'பார்த்தாள்' என்று தேடினால் பார்த்தான், பார்த்தார், பார்த்தபோது, பார்த்ததும் எல்லாம் நழுவும். அதற்குப் பதிலாக '-வதை', '-ப்பதை', '-ந்ததை', '-வதாக' என்ற ஈறுகளைக் கணினியில் தேடலாம். பெரும்பாலான வடிகட்டல்கள் கையும் களவுமாக மாட்டும். ('வதை' என்று தேடினால் கதையில் நிஜமாகவே வதைபடுகிறவர்களும் கூடவே வருவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.)

'உணர்ந்தாள்' என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குளிரை உணர்ந்தாள், பசியை உணர்ந்தான், வலியை உணர்ந்தேன், கன்னங்கள் சூடாவதை உணர்ந்தாள். எந்த ஊரிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. குளிர்கிறது, பசிக்கிறது, வலிக்கிறது, வியர்க்கிறது, கூசுகிறது, தலை சுற்றுகிறது என்றுதான் சொல்கிறோம். உடம்புக்கு நேர்வதைச் சொல்லத் தமிழில் வினை தயாராக இருக்கிறது. அனுபவிக்கிறவர் நான்காம் வேற்றுமையில், 'அவளுக்கு' என்று, ஓரமாக நின்றால் போதும். 'அவளுக்குப் பசித்தது' என்பதில் பசிதான் நடக்கிறது, அவளுக்கு நடக்கிறது. சூழலில் அவள் ஏற்கெனவே இருந்தால் 'பசித்தது' என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த நெருக்கத்துக்காகப் பட்டறைக்குப் போய்க் கற்கிறார்கள். நம்மிடம் அது பேச்சிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பு நடைக்குக் கை பழகியவர்கள்தான் அதைக் கைவிட்டு 'உணர்ந்தாள்' பக்கம் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இது இந்தக் கட்டுரைக்காக எழுதியது. ஆனால் வாரா வாரம் எடிட்டர் மேசைக்கு வரும் பத்திகளின் சாயல்தான்.

'சரோஜா கண்விழித்தாள். அறை இருட்டாக இருப்பதைக் கண்டாள். மாடியில் யாரோ நடக்கும் சத்தத்தைக் கேட்டாள். தன் இதயம் வேகமாகத் துடிப்பதை உணர்ந்தாள். பக்கத்தில் கையை நீட்டியபோது பாய் வெறுமையாக இருப்பதை அறிந்தாள். அவன் மீண்டும் தூங்காமல் மேலே போயிருக்கிறான் என்று புரிந்துகொண்டாள்.'

பட்டியலை வைத்துக்கொண்டு திருத்துகிறவர் ஐந்து வினைகளையும் அடித்துவிடுவார்:

'சரோஜா கண்விழித்தாள். அறை இருட்டாக இருந்தது. மாடியில் யாரோ நடந்தார்கள். இதயம் வேகமாகத் துடித்தது. பக்கத்தில் பாய் வெறுமையாக இருந்தது. அவன் மீண்டும் தூங்காமல் மேலே போயிருந்தான்.'

வடிகட்டி போய்விட்டது. பத்தி தேறவில்லை. 'மாடியில் யாரோ நடந்தார்கள்' என்றதும் நம் கண் மாடிக்குப் போய்விடுகிறது. இருட்டில் படுத்திருப்பவள் காதில் விழுந்தது என்பது போயிற்று. கையை நீட்டிய செயலும் காணாமல் போய், பாய் வெறுமை என்பது அறைக்கு மேலிருந்து யாரோ எடுத்த கணக்காகிவிட்டது. கடைசி வாக்கியம் இன்னும் கெடுதல். முதல் வடிவத்தில் அது சரோஜாவின் ஊகம். இப்போது கதைசொல்லி கொடுக்கும் உத்தரவாதம். இரண்டு பக்கம் தள்ளி மாடியில் நடந்தது வேறொருவர் என்று கதை திரும்பினால், வாசகரிடம் பொய் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது முறை:

'சரோஜா கண்விழித்தாள். ஒரே இருட்டு. மாடியில் யாரோ நடக்கும் சத்தம். பக்கத்தில் கையை நீட்டினாள். பாய் சில்லென்று கிடந்தது. இன்றைக்கும் தூங்கவில்லை போலிருக்கிறது, மேலே போய்விட்டான்.'

இங்கே 'கண்விழித்தாள்' என்ற ஒரே சொல், இனி வருவதெல்லாம் இவள் வழியாக என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு கண்டாள், கேட்டாள் எதற்கும் வேலையில்லை. சத்தம் சத்தமாகவே நிற்கிறது. வினை இல்லாத வாக்கியம் தமிழில் குறையே அல்ல. இதயத் துடிப்பு போய்விட்டது, பயந்தவர்களுக்கெல்லாம் துடிக்கிற அதே இதயம் அது. 'வெறுமை'யின் இடத்துக்கு வந்த 'சில்லென்று' புதிதாக ஒரு தகவலும் தருகிறது: அவன் எழுந்துபோய் வெகுநேரம் ஆகியிருக்கிறது. கடைசி வாக்கியத்தில் 'போலிருக்கிறது' என்று ஒரு வடிகட்டியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கதை இறந்தகாலத்தில் போகிறது. அந்த வாக்கியம் மட்டும் 'இன்றைக்கும்' என்று அவளுடைய நாளைச் சொல்கிறது, நிகழ்காலத்துக்கு மாறுகிறது. 'அன்றும்' என்று போட்டிருந்தால் கதைசொல்லியின் குரல். 'இன்றைக்கும்' என்றதும் சரோஜாவே பேசுகிறாள், 'என்று நினைத்தாள்' இல்லாமலே. ஃப்ளோபேர் பிரெஞ்சில் வினையின் காலத்தை வைத்துச் செய்ததை, தமிழில் இன்று, இங்கே, இந்த என்ற சுட்டுச் சொற்களும் பேச்சின் வாடையும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

வடிகட்டிகளில் எதை வைத்துக்கொள்வது? பார்ப்பதே நிகழ்ச்சியாக இருக்கும் இடங்களில் அது இருந்தே ஆக வேண்டும். 'ஜன்னலைத் திறந்து பார்த்தாள்' என்பதில் பார்த்தாள் ஒரு செயல், கதவைத் திறப்பது மாதிரி. அடித்தால் ஜன்னல் எதற்குத் திறந்தது என்று புரியாது. தவறாகப் பார்ப்பதும் அப்படித்தான். கயிறு பாம்பாகத் தெரிந்த கதை நமக்குப் பழையது. அங்கே 'தெரிந்தது' போனால் கயிறு நிஜமாகவே பாம்பாகிவிடும். மருந்து மயக்கம், காய்ச்சல், முதுமை, குடி, இவற்றின் வழியாகப் பார்க்கும் பாத்திரங்களுக்கும் வடிகட்டியே உலகம்.

ஹென்றி ஜேம்ஸ் 1897இல் ஒரு நாவலுக்குத் தலைப்பாகவே இதை வைத்தார்: 'மெய்ஸி அறிந்தது'. மணமுறிவு செய்துகொண்ட தாய் தந்தையருக்கு நடுவே பந்தாடப்படும் ஒரு சிறுமி என்ன பார்த்தாள், அதில் எவ்வளவு புரிந்தது, எவ்வளவு புரியவில்லை என்பதே நாவல். அவள் கவனித்தாள், அவள் ஊகித்தாள் என்பதையெல்லாம் நீக்கினால் ஒரு சாதாரண ஊர்வம்புக் கதை மிஞ்சும்.

தமிழில் இதற்கு மௌனியைச் சொல்லலாம். 1907இல் பிறந்து 1985இல் மறைந்த அவர் எழுதிய கதைகள் மிகக் குறைவு. 'அழியாச்சுடர்', 'பிரபஞ்ச கானம்' போன்ற கதைகளில் தோன்றியது, போலும், போன்றிருந்தது என்று வந்துகொண்டே இருக்கும். மென்பொருளிடம் கொடுத்தால் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும். ஆனால் மௌனியின் உலகத்தில் பொருள்கள் திடமாக இல்லை; ஒருவன் மனத்தில் அவை தோன்றும் விதமே அங்கே நிகழ்ச்சி. 'தோன்றியது' என்பதை எடுத்துவிட்டு எஞ்சியதைப் பார்த்தால் கதையே இருக்காது. நேர் எதிர்ப்பக்கத்தில் அசோகமித்திரன். 1973இல் நூலான 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவின் நெருக்கடிகள் பெரும்பாலும் குடம், குழாய், வரிசை, தெரு என்ற வெளிப்பொருள்கள் வழியாகவே வந்து சேர்கின்றன. ஒரே எடிட்டர் ஒரே பேனாவால் இந்த இருவரையும் தொட முடியாது.

தன்மையில் சொல்லும் கதைகளுக்குத் தனிக் கணக்கு. 'நான்' என்று தொடங்கியதும் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. ஆகவே 'நான் பார்த்தேன்' படர்க்கையைவிட இங்கே அதிகமாக உறுத்தும். ஆனால் முப்பது வருடம் கழித்து நினைவுகூர்கிற ஒருவர் சொல்லும் கதையில் 'அவர் சட்டை நீலம்' என்பதற்கும் 'நீலச் சட்டை போட்டிருந்தார் என்று ஞாபகம்' என்பதற்கும் நடுவே அந்த முப்பது வருடமும் இருக்கிறது. எல்லா வடிகட்டிகளிலும் சின்னது, 'வந்தானாம்', 'சொன்னாளாம்' என்பதில் வரும் 'ஆம்'. சொல்கிறவர் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது மட்டுமே என்பதோடு, நம்பவில்லை என்பதையும் சமயத்தில் சொல்லிவிடும். வட்டார வழக்குக் கதைகளில் இதை ஒழுங்கு செய்கிறேன் என்று 'வந்தான்', 'சொன்னாள்' ஆக்கிவிட்டால், பாட்டி சொன்ன கதை போலீஸ் அறிக்கையாகிவிடும்.

தமிழ்ப் பதிப்புலகில் எடிட்டிங் என்றால் இன்றும் பெரும்பாலும் புரூஃப் பார்ப்பதுதான். ஒற்று மிகுமா, சந்தி சரியா, எழுத்துப் பிழை உண்டா. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனைப் போல வாக்கியத்துக்குள் இறங்கி எழுத்தாளரோடு வாதாடியவர்கள் சிலர்தான். அந்த வாதம் நடக்காத இடத்தில் பட்டியல்களும் மென்பொருள்களும் எளிதில் அதிகாரம் பெறும். ஒரு 'உணர்ந்தாள்' மேல் பேனா வைக்கும் முன் எழுத்தாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த நேரத்தில் பாத்திரம் எங்கே இருக்கிறது? அங்கிருந்து அதற்குத் தெரியக்கூடியது எவ்வளவு? இந்தச் செய்திக்கு யார் பொறுப்பு, பாத்திரமா, கதைசொல்லியா? எழுத்தாளரிடம் பதில் இருந்தால் அந்தச் சொல் போகலாம், இருக்கலாம், 'கதவு திறக்கும் சத்தம் கேட்டது' என்று பாதி நீங்கியும் நிற்கலாம். பதில் இல்லை என்றால் அந்த ஒரு சொல்லைத் திருத்திப் பயனில்லை. காட்சியையே மறுபடி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.